மூன்று மஞ்சள்

எங்கள் மருந்தாளர் சங்கத்து இளைஞர்கள் இருவர் போன கிழமை வீடு தேடி வந்தார்கள். சங்க மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமாம். "நோய் வராமல் காக்கிறதைப் பற்றி எழுதுங்கோ ஐயா. பழைய அனுபவமாய் இருந்தால் நல்லது" என்றார் ஒருவர். மற்றவர் கொஞ்சம் துடுக்கானவர். ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்திருக்கும் இரத்தப் பரிசோதனைக் கருவியைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிவிட்டு, "இதெல்லாம் இல்லாத காலத்திலை செங்கமாரி எண்டு எப்பிடி ஐயா நிச்சயமாய்ச் சொன்னனீங்கள்?" என்று கேட்டார்.

நிச்சயமாய் என்ற சொல்லைக் கேட்டதும் குடித்த தேத்தண்ணீர் எனக்குப் புரைக்கேறிவிட்டது. கண்ணும் தோலும் மஞ்சளாகிப் போகும் அந்த நோயை நான் எத்தனையோ பேரிடம் பார்த்திருக்கிறேன். ஆனால் நிச்சயமாய்ச் சொன்னது ஒரே ஒரு தடவைதான். அதுவும் ஒரு ஆட்ட மண்டபத்துப் பெண்ணின் கண்ணைப் பார்த்து. அது சரியா பிழையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சரி, அதையே எழுதுவோம் என்று உட்கார்ந்திருக்கிறேன். தெளிவான பாடம் எதையும் எதிர்பார்க்கிறவர்கள் அடுத்த கட்டுரைக்குப் போகலாம்.

நான் கொழும்பில் மருந்து கலக்கப் படித்தவன். கலக்கவும் வடிக்கவும், வேளைக்கு எவ்வளவு என்று காட்டும் கோட்டுத் தாளைக் குப்பியில் ஒட்டவும் பழகினேன். படிப்புக் காலத்தைப் பற்றி எழுதினால் எனக்கே தூக்கம் வரும். அங்கிருந்து திருகோணமலைக்கு மாற்றி அனுப்பினார்கள். இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்தது. துறைமுகத்தில் குண்டு விழுந்து, சனம் ஓடிப் போய், பிறகு மெல்ல மெல்லத் திரும்பி வந்த காலம் அது. கப்பல்களும் திரும்பி வந்தன. முன்பு வந்ததைவிட இன்னும் கூட வந்தன. கப்பல்காரர், கந்தோர் எழுத்தர், தாதிமார், தொலைபேசி இணைப்புக் கொடுக்கும் பெண்கள் என்று ஊர் நிரம்பி வழிந்தது.

இவர்கள் எல்லாரும் பகலில் வேலை செய்தார்கள், பின்னேரம் ஆடினார்கள். உட்துறைமுகப் பக்கம் இருந்த பழைய சாமான் கொட்டடி ஒன்றுக்குப் பலகைத் தளம் போட்டு ஆட்ட மண்டபம் ஆக்கியிருந்தார்கள். ஆணும் பெண்ணும் சோடியாகக் கை பிடித்து ஆடும் ஆட்டம். கிழமையில் பாதி நாள் அங்கே வயலின் சத்தம் கேட்கும். வாசித்தவர் பாலையூற்று ஊரவர், போர்த்துக்கேய வழிவந்த பறங்கியரான அந்தோனி. அவர் மகள் எமலின் தொலைபேசிக் கந்தோரில் வேலை செய்தாள். ஆட்டமுள்ள நாளில் அவள் வராமல் இருந்ததாக நான் காணவில்லை.

எனக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பீர்கள். அங்கே ஆடியவர்கள் ஆளுக்கு மேல் ஆளாய் மலேரியாவில் விழுந்தார்கள். கந்தோரில் ஆளில்லை, கப்பலில் ஆளில்லை என்று மேலிடத்தில் முறைப்பாடு. மண்டபத்தைப் பூட்டச் சொல்லி ஓர் உத்தரவு வரப் பார்த்தது. எங்கள் மருந்தகத்துக்குப் பொறுப்பாக இருந்த டொக்டர் நல்லதம்பிதான் குறுக்கே நின்றார்.

டொக்டர் நல்லதம்பி யாழ்ப்பாணத்தவர். நெடுத்த, மெலிந்த மனிதர். எந்நேரமும் வெற்றிலை. சுண்ணாம்புப் பேணி ஒன்று காற்சட்டைப் பைக்குள் இருக்கும். நோயாளியிடம் ஓம் என்றோ இல்லை என்றோ சொல்லவே மாட்டார். "நாளைக்கும் வாரும், பாப்பம்" என்பார். அவரோடு வேலை செய்த காலமெல்லாம், நாளைக்கு என்பது எப்போது வரும் என்று நானும் காத்திருந்தேன்.

"ஆடுறவன் படுத்தால் ஆட்டத்தைக் குறை சொல்லாதையும்" என்று என்னிடம் சொன்னார். "ஆட்டம் உடம்புக்கு நல்லது. ஆடி முடிச்சாப்பிறகு அவன் என்ன செய்யிறான் எண்டு பாரும்."

நான் போய் நின்று பார்த்தேன். வியர்வை வழிய வழிய வெளியே வந்து, சட்டைக் கையை மடித்துவிட்டு, கண்டல் மரங்கள் நிற்கும் கரையோரம் காற்று வாங்கினார்கள். மலேரியாவைக் கொண்டுவரும் நுளம்புக்கு அதைவிட நல்ல விருந்து இல்லை. நனைந்த சட்டையோடேயே படுத்தார்கள். ஒருவர் துடைத்த துவாயை இன்னொருவர் வாங்கித் துடைத்தார். கால்விரல் இடுக்கில் சேற்றுப்புண் வைத்துக்கொண்டு சப்பாத்துக்குள் காலைத் திணித்தார்கள்.

டொக்டர் சட்டம் போட்டார். நாலு மணிக்குத் தொடங்கி, பொழுது படுமுன் ஆட்டம் முடிய வேண்டும். மாற்றுச் சட்டையும் துவாயும் அவரவர் கொண்டுவர வேண்டும். தேசிக்காய்த் தண்ணீரில் உப்புப் போட்டுக் குடிக்க வேண்டும். வீட்டுக்குப் போனதும் வெந்நீரில் கால் கழுவ வேண்டும். இருமுகிறவர் ஆடக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, வாசலில் மஞ்சள் குளிசை விழுங்கினால்தான் உள்ளே போகலாம்.

காற்றோட்டத்துக்கு யன்னலைத் திறக்க வேண்டும் என்றும் ஒரு சட்டம் இருந்தது. குண்டு போட வரும் விமானத்துக்கு வெளிச்சம் தெரியாமல் இருக்க, இருட்டடிப்புக்காக யன்னல்களில் கறுப்புச் சீலை ஆணி அடித்திருந்தது. திறந்தால் காவல் அதிகாரி விசில் ஊதுவார், மூடினால் டொக்டர் கத்துவார். நான் ஒரு யன்னலைப் பாதி திறந்து வைத்து இருவரிடமும் ஏச்சு வாங்கினேன். அதனால் மண்டபத்துக்குள் பட்டப்பகலிலும் விளக்கு எரியும். அந்த மஞ்சள் வெளிச்சத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் குழப்பத்தில் அதற்கும் பங்கு உண்டு.

மஞ்சள் குளிசை பற்றிச் சொல்ல வேண்டும். யாவா யப்பான்காரன் கைக்குப் போன பிறகு, மலேரியாவுக்குக் கொடுக்கும் குயினைன் கிடைக்கவில்லை. அதற்குப் பதிலாக வந்ததுதான் இந்தக் குளிசை. பச்சைக் கசப்பு. வயிற்றைக் குமட்டும். கொஞ்ச நாள் தொடர்ந்து போட்டால் தோல் மஞ்சளாகும். அது நோயில்லை, குளிசையின் சாயம்தான். ஆனால் யாருக்குத்தான் பிடிக்கும்? பெண்கள் நிறம் கெடுகிறது என்றார்கள். ஆண்கள் வேறொன்று கெடுகிறது என்று தங்களுக்குள் குசுகுசுத்தார்கள்.

அதனால் டொக்டரே தினமும் எல்லார் முன்னிலையிலும் ஒன்று விழுங்கிக் காட்டுவார். வாசலில் ஒரு வாளி தண்ணீர். வாளியோடு சங்கிலியில் கட்டிய ஒரு தகரப் பேணி. "அவரவர் பேணியைக் கொண்டு வாருங்கோ" என்பதும் சட்டம்தான். ஆனால் ஒருவரும் கொண்டுவரவில்லை. டொக்டர் சங்கிலிப் பேணியில் மொண்டு குளிசையை விழுங்கி, நாக்கை நீட்டிக் காட்டிவிட்டுப் பேணியை அடுத்தவரிடம் கொடுப்பார். அவர் குடித்து இன்னொருவரிடம் கொடுப்பார். துவாயைப் பற்றி அவ்வளவு கவலைப்பட்ட நாங்கள் பேணியைப் பற்றி ஏன் யோசிக்கவில்லை என்று இப்போது நினைத்தால் தலை சுற்றுகிறது.

கொஞ்ச நாளில் வாசலுக்குப் பக்கத்து முருங்கை அடியில் மஞ்சள் குளிசைகள் கிடக்கக் கண்டேன். நாக்குக்கு அடியில் ஒளித்து, பிறகு துப்பியிருக்கிறார்கள். டொக்டர் புது வழி சொன்னார். "வாயைப் பாக்காதையும். உள்ளங்கையைப் பாரும். மஞ்சளாய் இருந்தால் ஒழுங்காய்ப் போடுறவன். உள்ளை விடும். வெள்ளையாய் இருந்தால் திருப்பி அனுப்பும்."

அடுத்த கிழமையே எல்லார் உள்ளங்கையும் மஞ்சளாகிவிட்டது. டொக்டருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. எனக்கும்தான். ஆனால் காய்ச்சல் மட்டும் குறையவில்லை. என்ன இது என்று இருவரும் முகத்தை முகம் பார்த்தோம்.

பதில் சலவைக்காரரிடமிருந்து வந்தது. கப்பல்காரரின் வெள்ளைச் சட்டைகளின் முதுகில் மஞ்சள் கை அடையாளம் விழுந்திருக்கிறது, வெளுத்தாலும் போகிறதில்லை என்று அவர் ஒரு கட்டுச் சட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். டொக்டர் ஒரு சட்டையை எடுத்து மணந்து பார்த்தார். "தம்பி, இது கறி மணக்குது" என்றார்.

மண்டபத்தில் ஆட்டக்காரரின் பையும் குடையும் வாங்கி வைக்கும் வேலை பொன்னம்மா என்ற பெண்ணுக்கு. சல்லி என்ற கரையோர ஊர்ப் பக்கத்தவள். முகத்துக்கும் காலுக்கும் மஞ்சள் பூசித்தான் வருவாள். அவளுடைய மஞ்சள் கிண்ணம்தான் ஆட்டக்காரரின் குளிசையாகியிருந்தது. கேட்டதற்கு அவள் கொஞ்சமும் அஞ்சவில்லை.

"கேட்டினம், குடுத்தனான். மஞ்சள் பூசிறது குற்றமோ? அதோடை ஐயா, இஞ்சை பாதிப் பேருக்குச் செங்கமாரி. கீழ்க்காய்நெல்லியை அரைச்சுக் குடிக்கச் சொல்லுங்கோ."

பொன்னம்மாவுக்கு மண்டபத்தில் நுழையும் எல்லாருக்கும் செங்கமாரிதான். வெள்ளைக்காரருக்கும் செங்கமாரி, எனக்கும் செங்கமாரி. அதனால் அவள் சொல்வதை நாங்கள் காதில் போடுவதில்லை.

டொக்டர் காற்சட்டைப் பையிலிருந்து சுண்ணாம்புப் பேணியை எடுத்தார். அவளுடைய மஞ்சள் கையில் ஒரு பொட்டுத் தொட்டுத் தேய்த்தார். இரத்தமாய்ச் சிவந்தது. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்து ஆலாத்தி கரைக்கிற எந்த வீட்டிலும் தெரிந்த விசயம்தானே. குளிசை மஞ்சளில் தொட்டால் அப்படிச் சிவக்காது. அன்றிலிருந்து நான் வாசலில் சுண்ணாம்போடு நின்றேன். கையை நீட்டச் சொல்வேன், ஒரு பொட்டு வைப்பேன், சிவந்தவர் திரும்பிப் போவார். கோபித்தவர்கள் கோபித்தார்கள். ஆனால் குளிசை உள்ளே போனது, காய்ச்சலும் குறைந்தது. உத்தியோகத்தில் அந்தச் சில நாட்கள்தான் எனக்கு எல்லாம் விளங்கியது போல இருந்த நாட்கள்.

சுண்ணாம்புக்கு ஒருநாளும் சிவக்காத கை எமலினுடையது. தொடக்கத்திலிருந்தே ஏமாற்றாமல் குளிசை போட்டவள் அவள் ஒருத்திதான். டொக்டர் சொல்லுமுன்பே தன் துவாயைத் தானே கொண்டுவந்தவள். ஆடி முடித்ததும் உப்புத் தேசிக்காய் குடிப்பாள், சட்டை மாற்றுவாள், சுவரில் காலை உயர்த்தி வைத்துக் கொஞ்சநேரம் படுத்திருப்பாள். "எனக்கு ஆடாட்டில்தான் வருத்தம் வரும் மருந்தையா" என்பாள். என்னை அப்படித்தான் அழைப்பாள். அவளுக்குக் காய்ச்சல் என்று ஒருநாளும் கேள்விப்பட்டதில்லை. "எமலினைப் பாருங்கோ" என்று டொக்டர் எல்லாருக்கும் அவளைத்தான் காட்டுவார். ஒழுங்காகப் போட்டதால் அவள்தான் எல்லாரையும்விட மஞ்சளாகவும் இருந்தாள்.

அப்போதுதான் உண்மையான செங்கமாரி வந்தது. முதலில் ஒரு கப்பல்காரர், பிறகு ஒரு தட்டெழுத்துப் பெண். இருவரும் எமலினோடு பழகியவர்கள். அவர் அவளோடு ஆடியவர், இவள் அவளுடைய தோழி. மூன்றாவதாக இன்னொருவர் படுத்ததும் கதை பரவியது. எமலினுக்குத்தான் நோய், அவள் கையைப் பிடித்தால் ஒட்டும் என்றார்கள். ஆட்டக் கமிட்டியின் தலைவியான துரைசாணி, டொக்டர் எழுத்தில் சொல்லும்வரை எமலின் வாசல் மிதிக்கக் கூடாது என்றார்.

தேய்க்கிற மஞ்சளுக்குச் சுண்ணாம்பு இருந்தது. குளிசை மஞ்சளையும் நோய் மஞ்சளையும் பிரிக்க எங்களிடம் என்ன இருந்தது? டொக்டரின் கண் இருந்தது. குளிசை தோலை மஞ்சளாக்கும், கண்ணின் வெள்ளையை அநேகமாகத் தொடாது என்பது அவர் படித்தது. அநேகமாக என்ற சொல்லில்தான் எல்லாச் சிக்கலும்.

அவர் கண் பார்க்கும் முறையைச் சொல்கிறேன். விளக்கு வெளிச்சத்தில் பார்க்க மாட்டார். அதில் மஞ்சள் தெரியாது. மர நிழலிலும் பார்க்க மாட்டார். இலையின் பச்சை கண்ணில் விழும். மருந்தகத்துக் கிணற்றடியில் வெள்ளை அடித்த சுவர் ஒன்று இருந்தது. காலை வெயில் அதில் பட்டுத் திரும்பும் இடத்தில் ஆளை நிறுத்துவார். "வெளிச்சத்துக்கு வாரும்" என்பார். தாடையைப் பிடித்து முகத்தை நிமிர்த்துவார். கீழே பார்க்கச் சொல்லி மேல் இமையைப் பெருவிரலால் தூக்குவார். இமைக்குள் மறைந்திருக்கும் வெள்ளைதான் பொய் சொல்லாது என்பார். மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார். பிறகு போய்க் கை கழுவுவார். அவர் கை கழுவி முடிக்கும்வரை ஒரு வார்த்தை வராது.

எமலினை முதல் நாள் பார்த்துவிட்டு, "நாளைக்கும் வாரும் பிள்ளை, பாப்பம்" என்றார். அடுத்த நாளும் அதையே சொன்னார். அதற்கடுத்த நாளும் அதே.

அவளுக்கோ நாளைக்கு என்பது நெருப்பு. சீனன்குடா எண்ணெய்த் தாங்கியில் வேலை செய்த பெனடிக்ற் என்ற பிள்ளைக்கு அவளைப் பேசி முடித்திருந்தார்கள். கோயிலில் கலியாணம் வைக்காத தபசுகாலம் தொடங்குமுன் கலியாணம் முடிய வேண்டும். அவர்கள் வழக்கத்தில், கோயிலால் வந்ததும் பொம்பிளை முதலில் மாப்பிள்ளையோடு ஆடுவாள். பிறகு வந்த ஆண்கள் ஒவ்வொருவரும் வந்து அவள் கையைப் பிடித்து ஒரு சுற்று ஆட வேண்டும். அந்த ஆட்டம் இல்லாவிட்டால் கலியாணம் ஒப்பேறியதாக ஒருவரும் நினைக்க மாட்டார்கள். பெனடிக்றின் தாய், டொக்டர் வாயால் சொன்னால் ஒழியக் கலியாணமே வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருந்தாள்.

அந்தோனி வயலின் பெட்டியோடேயே வந்து நின்றார். "ஒண்டில் ஆடலாம் எண்டு சொல்லுங்கோ, இல்லாட்டில் ஏலாது எண்டு சொல்லுங்கோ டொக்டர். இப்பிடி நடுவிலை நிண்டால் நாங்கள் என்ன செய்யிறது?"

"நடுவிலைதான் நானும் நிக்கிறன் அந்தோனி" என்றார் டொக்டர்.

அவர் வேண்டுமென்று இழுத்தடிக்கவில்லை. இருக்கிற நோயை இல்லை என்று சொல்லி அவள் ஆடினால் ஈரல் கெட்டு உயிருக்கே ஆபத்து. இல்லாத நோயை உண்டு என்று சொன்னால் அவள் வாழ்வு போச்சு. குளிசையை நிறுத்திப் பார்க்கலாம் என்றால் சாயம் வெளுக்க வாரக்கணக்காகும். அதற்குள் தபசுகாலம் வந்துவிடும்.

ஒருநாள் காலை எமலினும் அந்தோனியும் மறுபடியும் கிணற்றடியில் வந்து நின்றார்கள். டொக்டர் அவளுடைய தாடையைப் பிடித்து நிமிர்த்தினார். அன்று அவர் வெகுநேரம் பார்த்தார். நானும் அந்தோனியும் அவர் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றோம். எமலின் அசையவில்லை. ஆனால் அவள் கீழே பார்க்கவும் இல்லை. அவர் முகத்தையே பார்த்தாள்.

"கீழை பாரும் பிள்ளை."

"டொக்டர்" என்றாள் அவள், மெதுவாக. "நீங்கள் வெளிச்சத்துக்கு வாங்கோ."

"என்ன?"

"நீங்கள் சுவருக்கு முதுகு காட்டி நிக்கிறியள். இஞ்சாலை திரும்பி நில்லுங்கோ."

சின்னப் பிள்ளை போல அவர் திரும்பி நின்றார். ஏன் திரும்பினார் என்று எனக்கு விளங்கவில்லை. சுவரின் வெளிச்சம் அவர் முகத்தில் விழுந்தது. அவர் முகமும் மஞ்சள்தான். தினமும் குளிசை விழுங்கிக் காட்டுகிறவர் ஆயிற்றே. நாங்கள் எல்லாரும் அதைப் பார்த்துப் பழகியிருந்தோம். ஆனால் கண்? இத்தனை பேரின் கண்ணைப் பார்த்தவரின் கண்ணை ஒருவரும் பார்த்ததில்லை. முட்டை மஞ்சள் கரு மாதிரி இருந்தது.

"மருந்தையா, நீங்களும் வந்து பாருங்கோ" என்றாள்.

நான் கிட்டப் போனேன். பெருவிரலால் அவர் மேல் இமையைத் தூக்கினேன். மேலதிகாரியின் முகத்தை நான் தொட்டது அதுதான் முதல் தடவை. உள்ளேயும் மஞ்சள்.

"சாப்பாடு மனமில்லாமல் இருந்ததுதான்" என்றார் டொக்டர். "குளிசையாலை எண்டு நினைச்சன்." பிறகு கிணற்றுக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். கை கழுவ எழும்பவில்லை.

அன்று மத்தியானமே அவரைக் கண்டிக்குக் கொண்டுபோனார்கள். அம்புலன்ஸில், கண்டி வீதியிலுள்ள கப்பல்துறை என்ற ஊர் மட்டும் நானும் போய் இறங்கினேன். வழியெல்லாம் அவர் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். அவரிடம் என்ன கேட்பது என்றே தெரியவில்லை. இந்த நோயை யார் யாருக்குக் கொடுத்தது? கப்பல்காரர் டொக்டருக்கா, டொக்டர் கப்பல்காரருக்கா? அந்தச் சங்கிலிப் பேணி என் கண்ணுக்குள் வந்து வந்து போனது. நோயைத் தடுக்க நாங்கள் வாசலில் வைத்த தண்ணீரே நோயைப் பரப்பியதோ? அப்போது ஒருவருக்கும் அது உறுதியாகத் தெரியாது. நான் திரும்பி வந்ததும் பேணியைச் சங்கிலியோடு கழற்றிக் கிணற்றடியில் குழி தோண்டிப் புதைத்தேன்.

அடுத்த நாள் காலை அந்தோனியும் எமலினும் மருந்தகத்தில் நின்றார்கள். புது டொக்டர் எப்போது வருவார் என்று ஒருவருக்கும் தெரியாது. இருந்தது நான் ஒருவன்தான்.

"நீங்கள் சொல்லுங்கோ" என்றார் அந்தோனி. "உங்கட வாயாலை ஒரு சொல்லு போதும் எண்டு பெனடிக்றின்ரை தாய் சொல்லிப்போட்டா."

நான் டொக்டர் இல்லை என்றேன். அது தெரியும் என்றார். எனக்குத் தெரியாது என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் போய் வெள்ளைச் சுவருக்கு முன்னால், முகத்தில் வெளிச்சம் விழும்படி நின்றாள்.

நான் அந்தோனியை வெளியே போகச் சொன்னேன். டொக்டர் தகப்பனுக்கு முன்னால் கேட்காமல் விட்ட கேள்விகளைக் கேட்டேன். பசி எப்படி? பசிக்குது. சத்தி, குமட்டல்? இல்லை. சலத்தின் நிறம்? மஞ்சள், ஆனால் குளிசை போடத் தொடங்கிய நாளிலிருந்து அப்படித்தான். செங்கமாரி என்றால் மலம் வெளுக்கும், வெளுத்திருக்கிறதா? அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு, "இல்லை மருந்தையா. சத்தியமாய் இல்லை" என்றாள். கலியாணம் நடக்க வேண்டும் என்று துடிக்கிற பெண் சொல்லும் சத்தியத்தை எவ்வளவு நம்புவது? இமையைத் தூக்கினேன். வெள்ளை இருந்தது. அதற்குள் ஒரு மெல்லிய மஞ்சளும் இருந்தது போல இருந்தது. தள்ளி நின்று பார்த்தால் இல்லை. கிட்டப் போனால் இருந்தது. சுவரின் வெயிலோ, என் மனமோ, எது என்று பிரிக்க முடியவில்லை. நேற்று டொக்டரின் கண்ணில் கண்ட மஞ்சள் என் கண்ணை விட்டு இன்னும் போகவில்லையோ என்றும் நினைத்தேன்.

"ஆடலாம்" என்றேன். "நிச்சயமாய்."

அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று தெரியாது. அவள் அழுதுவிட்டாள்.

கலியாணம் பாலையூற்றில் நடந்தது. முற்றத்தில் பந்தல். பின்னேர வெயில் சாய்ந்து விழுந்தது. வெள்ளை உடுப்பில் அவள் இன்னும் மஞ்சளாகத் தெரிந்தாள். அந்தோனி வயலினைத் தோளில் வைத்தார். பெனடிக்ற் அவளோடு ஒரு சுற்று ஆடி விலகினார். இனி மற்றவர்கள் வர வேண்டும்.

ஒருவரும் வரவில்லை.

ஒருவர் குனிந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டினார். இன்னொருவர் கேக் துண்டைத் தேடினார். வயலின் அதே மெட்டை மறுபடியும் தொடங்கியது. எமலின் பந்தல் நடுவில் கையை நீட்டியபடி நின்றாள். நீட்டிய கையை மடக்கவும் ஏலாது, வைத்திருக்கவும் ஏலாது. அந்தோனி வாசித்துக்கொண்டே என்னைப் பார்த்தார். பெனடிக்றின் தாயும் என்னைப் பார்த்தாள். பிறகு பந்தலில் இருந்த எல்லாருமே என்னைப் பார்த்தார்கள். சொன்னவன் நான்தானே.

என் வாழ்நாளில் நான் ஆடியவன் இல்லை. எங்கள் வீட்டில் பெண்ணின் கையைப் பிடித்து ஆடினான் என்று கேள்விப்பட்டால் வாசற்படி ஏற விடமாட்டார்கள். அதுவும் போக, எனக்குப் பயமாக இருந்தது. நான் சொன்னதை நானே நம்புகிறேனா என்று அந்தக் கணத்தில் யாராவது கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? எழும்பினேன். கால்கள் எழும்பின என்று சொல்வதுதான் சரி.

"வாங்கோ மருந்தையா" என்றாள். "காலை மிதிச்சால் நான் கத்தமாட்டன்."

அவள் கையைப் பிடித்தேன். சூடாக இருந்தது. காய்ச்சல் சூடா, ஆடிய சூடா? நாடியைப் பிடித்துப் பார்க்க விரல் தானாக மணிக்கட்டுக்குப் போனது. அவள் சிரித்துக்கொண்டே அதைத் தட்டிவிட்டாள். எந்தக் காலை எப்போது வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அவள் இழுத்த பக்கம் போனேன், தள்ளிய பக்கம் திரும்பினேன். அவளுடைய காலை மிதிக்கவும் செய்தேன். ஒரு சுற்று முடிந்து நான் மூச்சு வாங்க விலகியபோது, சப்பாத்துக் கயிறு கட்டியவர் எழுந்து வந்தார். பிறகு இன்னொருவர். பிறகு வரிசை. நான் கதிரையில் இருந்து என் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எமலின் குளிசையை நிறுத்தியிருந்தாள். வாரங்கள் போகப் போக மஞ்சள் வெளுத்து அவள் பழைய நிறத்துக்கு வந்தாள். பார்த்தீர்களா, குளிசை மஞ்சள்தான் என்று சொல்லத் தோன்றும். ஆனால் இலேசான செங்கமாரியும் அதே வாரங்களில்தான் வெளுக்கும். அதனால் ஒன்றும் நிரூபணமாகவில்லை. அவள் பிள்ளை பெற்றாள், பேரப்பிள்ளை கண்டாள், முடி நரைத்த பிறகும் கலியாண வீடுகளில் முதல் ஆளாக எழும்பி ஆடினாள். எனக்கு அதில் எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லி முடியாது. ஆனால் நான் சொன்னது சரியா என்ற கேள்விக்கு அது பதில் இல்லை.

கலியாணத்துக்குப் பிறகு நான் தினமும் காலையில் கண்ணாடியைக் கிணற்றடிக்குக் கொண்டுபோய் என் கண்ணைப் பார்த்தேன். சில நாள் வெள்ளை. சில நாள் மஞ்சள் போல. பொன்னம்மா எனக்கும் கீழ்க்காய்நெல்லி கொண்டுவந்து தந்தாள். பேசாமல் வாங்கிக் குடித்தேன்.

டொக்டர் நல்லதம்பி பிழைத்துத் திரும்பி வந்தார். பாதியாய் இளைத்திருந்தார். வெற்றிலையை விட்டிருந்தார். மேசையில் இருந்ததும் முதற் கேள்வியே அதுதான்.

"எமலின் ஆடினவளோ?"

"ஓம் டொக்டர்."

"ஆர் முதல் போய்க் கை பிடிச்சது?"

"நான்தான்."

"நிச்சயமாய்ச் சொன்னீராம். எப்பிடித் தெரிஞ்சது உமக்கு?"

"எனக்குத் தெரியேல்லை டொக்டர்."

அவர் தலையை ஆட்டினார். "எனக்கும் ஒருநாளும் தெரிஞ்சதில்லை" என்றார். "அதுதான் நாளைக்கு நாளைக்கு எண்டு சொன்னனான்."

பிறகு எழுந்து என் தோளைப் பிடித்தார். "வெளிச்சத்துக்கு வாரும்" என்று சொல்லி என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.